பன்னிரண்டு பேர் சொன்னால் மனைவி

காஸாபிளாங்கா
8 ஏப்ரல் 1987, புதன்

பத்தூல்,

1976 ஜூன் முதல் 1977 இறுதிவரை காஸாபிளாங்காவில் எழுதப்பட்ட நிக்காஹ் பதிவேடுகளில் நம் இருவர் பெயரும் இல்லை. இன்று காலை பத்தரை மணிக்குக் காழி நீதிமன்றப் பதிவறை எழுத்தர் தாவூதி, ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து இதை உறுதி செய்தார். நான் அருகில் நின்றேன்.

இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். சனிக்கிழமை ஃபெஸ் கடைத்தெருவில் உன்னிடம் சொன்னதும் அதைத்தான். என் வாய்ச்சொல்லை நீ இனி நம்பப்போவதில்லை என்பதால் இன்னொருவர் வாயால் உறுதியாக்கி அனுப்புகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் உன் மாமா வீட்டில் ஃபாத்திஹா ஓதினார்கள். ஆடு அறுத்தார்கள், நாற்பது பேர் சாப்பிட்டார்கள். திருமணத்தை எழுதும் அதூல்கள் இருவரும் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. என் தரப்பில் ஒரு தாள் வந்து சேரவில்லை. அவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. உன்னிடம் எழுதியாகிவிட்டது என்று சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இவர்கள் கணவன் மனைவியாக வாழ்கிறார்கள் என்று பன்னிரண்டு ஆண்கள் அதூல்கள் முன்னால் சாட்சி சொன்னால், காழி அதை ஏற்றுத் திருமணம் இருந்ததாகவே எழுதிக் கொடுப்பார். இத்தகைய வழக்குகளை முப்பது ஆண்டுகளாக நீதிமன்ற வராந்தாவில் நின்று பார்த்து நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஏற்கப்பட்டன.

உன் தொலைபேசி நிலையத்தில் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீ தங்கிவிட்ட உன் தோழி சாதியாவின் ஃபெஸ் வீட்டுக்கு நேற்று இரண்டு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

மிலூதி


ஃபெஸ்
12 ஏப்ரல் 1987

சீ மிலூதிக்கு,

ஊரார் உங்களுக்குப் போடுகிற அந்த மரியாதைச் 'சீ'யையே நானும் போடுகிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். காஸாபிளாங்காவிலிருந்து ஃபெஸுக்கு வரும் அழைப்பை எந்தப் பலகையில் யார் இணைப்பார்கள், யார் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்தவள் நான். தவிர, உங்கள் குரலைக் கேட்டால் குமட்டுகிறது. சும்மா சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாதியா "உன் வீட்டுக்காரர்" என்று ரிசீவரை நீட்டியபோது, அதிலிருந்து கசிந்த "அலோ" கேட்டதுமே முற்றத்துச் சாக்கடை ஓரத்துக்கு ஓடினேன்.

எழுதுங்கள். எழுத்துக்கு வாடை இல்லை.

மூன்று நாள் விடுமுறை. பதினோரு வருடத்தில் நாம் சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று நான்தான் நச்சரித்தேன். புது ஜெல்லாபா அங்கி தைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஓட்டல் மேசை முன்னால் நடந்ததை நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. வசதியாக விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன்.

"அடையாள அட்டை ரெண்டும் குடுங்க. அப்படியே கல்யாணத் தாளும்" என்றான் அந்த மேசைக்காரன், ஃபெஸ்காரர்களுக்கே உரிய அந்த வழுக்கும் பேச்சில்.

நீங்கள் சிரித்தீர்கள். "நாங்க புருஷன் பொண்டாட்டிதான்பா. பதினோரு வருஷம் ஆச்சு."

"அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். தாள்?"

"காஸாவுல ஆபீஸ் பெட்டியில இருக்கு. மறந்துட்டேன்."

"ஒரு ஃபோன் போட்டு நம்பர் மட்டும் கேளுங்க. ஏட்டு நம்பர், பக்கம். போதும்."

"வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல யாரு இருப்பா?"

நான்தான் அவனிடம் கோபப்பட்டேன். எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "லல்லா, நீங்க இவரப் பாத்து மொறைக்கிற மொறைப்பே சொல்லுது, புருஷன் பொண்டாட்டிதான். ஆனா போலீஸ் பாரத்துல மொறைப்புக்குக் கட்டம் இல்லையே."

பக்கத்தில் பெட்டியோடு நின்ற ஒரு குடும்பமே சிரித்தது. அந்தப் பெண் தன் தாளைத் துணிப்பையிலிருந்து எடுத்து, எனக்குத் தெரியும்படி மேசையில் வைத்தாள். எனக்கு மூன்றாவது மாடி, உங்களுக்கு முதல் மாடி. நான் படியேறும்போது மேசைக்காரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தியை இன்னாள் என்று முடிவுகட்டிய பிறகு ஆண்கள் பார்ப்பார்களே, எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு, அப்படிப் பார்த்தான்.

அப்போதும் நான் உங்களை நம்பினேன். மறதிக்காரர் என்றுதான் திட்டினேன்.

மறுநாள் அந்தச் சந்தில் நீங்கள் வாயைத் திறந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். நத்தை சூப்புக்காரனிடம் கிண்ணம் வாங்கி, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி உறிஞ்சிக்கொண்டே, "பத்தூல், அந்தத் தாள்... பெட்டியில இல்ல. எங்கயும் இல்ல. எழுதவே இல்ல" என்றீர்கள். நான் நின்றுவிட்டேன். பின்னால் "பாலாக்! பாலாக்!" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு கழுதைக்காரன் வந்தான். எனக்குக் காது கேட்கவில்லை. கழுதை மேலிருந்த ஈரத்தோல் கட்டு, மயிரும் கொழுப்பும் வழிய, என் தோளிலிருந்து இடுப்புவரை தேய்த்துக்கொண்டு போயிற்று. நீங்கள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. ஒன்று மிச்சம் இருந்தது. அதை உறிஞ்சிவிட்டுத்தான் கைக்குட்டையை நீட்டினீர்கள்.

அந்த ஜெல்லாபாவை மூன்று முறை துவைத்தாயிற்று. சாதியா இப்போது ஆரஞ்சுப் பூவைக் காய்ச்சிப் பூநீர் வடிக்கிறாள், வீடெல்லாம் பூ மணம். எனக்கு அதற்குள்ளும் தோல் நாற்றம்தான் வருகிறது.

இத்தனை வருடம் அந்தத் தாளை எங்கேயும் யாரும் ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தால் பேர் பதியும்போது கேட்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள். நமக்குப் பிறக்கவில்லை; யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையும் என்னுடையதுதான், ஆகவே நீங்கள் மாட்டிக்கொள்ளாததற்கும் நான்தான் காரணம். நன்றாக இருக்கிறது.

பத்தூல்


காஸாபிளாங்கா
16 ஏப்ரல் 1987

பத்தூல்,

பன்னிரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள். பெயர்ப் பட்டியல் நேற்று மாலை முடிந்தது. அதூல்களில் மூத்தவர் அதைப் பார்த்துச் சரி என்றார்; நகல் இத்துடன் இருக்கிறது.

நத்தையைப் பற்றி நீ எழுதியது உண்மை. அப்போது என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது என்று பதிவுசெய்கிறேன்.

காபிக் கடையில் விஷயத்தைச் சொன்னபோது நான் எதிர்பார்த்த அளவுக்குச் சிரமம் இருக்கவில்லை. முடிவெட்டும் பூஅஸ்ஸாதான் முதலில் கை தூக்கினான்.

"உன் பொண்டாட்டி உன் பொண்டாட்டின்னு சொல்லணும், அவ்வளவுதானே? என் பொண்டாட்டிய என் பொண்டாட்டின்னு சொல்லவே ரெண்டு தடவ யோசிப்பேன். உனக்காக யோசிக்காம சொல்றேன், போ."

தையற்காரர் லஹ்சென் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "பதினோரு வருஷம் ஏன் எழுதாம விட்ட, சீ மிலூதி? நீ கோர்ட்டுலயே கெடக்கிற ஆளாச்சே."

"ஒரு தாள் கொறஞ்சது" என்றேன்.

"பேக்கரிக்காரன் ரொட்டி மறந்த கதையா இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: உன் அடையாள அட்டை நகல், என்னுடையது, உன் மாமாவின் வாக்குமூலம், சாட்சிப் பட்டியல், இன்னும் ஒரு தாள். அது கிடைத்ததும் மனு கொடுத்துவிடலாம். நோன்பு தொடங்குமுன் கொடுத்தால் பெருநாளுக்குப் பிறகு நாள் குறிப்பார்கள். உன் கையெழுத்துக்கு நீ ஒருநாள் வந்தால் போதும். அன்றே வீட்டுக்கும் வந்துவிடலாம்.

மிலூதி


ஃபெஸ்
20 ஏப்ரல் 1987

சீ மிலூதிக்கு,

பட்டியலைப் படித்தேன். பூஅஸ்ஸா என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் வரும்போதெல்லாம் கதவு இடுக்கு வழியாகத் தட்டை நீட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்தது என் தேநீர். அதற்குச் சர்க்கரை போதவில்லை என்று உள்ளே கேட்கும்படி சொல்வார். அவர் சொன்னால் நான் மனைவி. நான் சொன்னால் இல்லை. சாதியா சொன்னாலும் இல்லை, நான் உங்களோடு கழித்த நாலாயிரம் நாளும் சேர்ந்து சொன்னாலும் இல்லை. காபிக் கடையில் சீட்டு விளையாடுகிற பன்னிரண்டு பேர் சொன்னால் உண்டு.

சாதியா கேட்கிறாள்: "ஏன்டி, அந்தப் பன்னெண்டு பேரும் நாளைக்கு இல்லேன்னு மாத்திச் சொன்னா, நீ மறுபடியும் கன்னிப்பொண்ணா? எனக்கும் அப்பிடி ஒரு டஜன் ஆம்பளைங்களப் பாத்துக் குடேன்."

அவள் சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் கேள்வி. முதல் கடிதத்தில் "ஒரு தாள் வந்து சேரவில்லை" என்றீர்கள். லஹ்செனிடம் "ஒரு தாள் குறைந்தது" என்றீர்கள். மனுவுக்கு "இன்னும் ஒரு தாள்" என்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு மட்டும் இல்லை. நாள், கிழமை, மணி எழுதாமல் கடிதமே எழுதாதவர் நீங்கள்.

அது என்ன தாள்?

அதற்குப் பதில் வராமல் வேறெது வந்தாலும், வாசலில் நிற்கிற பிச்சைக்காரனிடம் சொல்வோமே, அதையே எழுதி அனுப்புவேன்: அல்லாஹ் லேசாக்குவான், அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

பத்தூல்


காஸாபிளாங்கா
23 ஏப்ரல் 1987

பத்தூல்,

அது எனக்கும் ஃபத்னாவுக்கும் ஆன மணவிலக்குத் தாள். ஏற்கெனவே மணமானவன் இரண்டாவதாக எழுதும்போது அதை அதூல்களிடம் கொடுக்க வேண்டும். பெண்வீட்டார் முன்னால் அதை உரக்க வாசிப்பார்கள்.

ஃபத்னாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, நான் தலாக் சொன்னேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நகல் இணைத்திருக்கிறேன். மூன்றாவது பத்தியைப் படி.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

மிலூதி


ஃபெஸ்
27 ஏப்ரல் 1987

சீ மிலூதிக்கு,

மூன்றாவது பத்தியைச் சாதியாவிடம் உரக்க வாசிக்கச் சொன்னேன். என் மாமா வீட்டில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டியதை இவள் வீட்டு முற்றத்தில், பூ வடிக்கிற செம்புப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"மனைவி தொடுத்த வழக்கில், மருத்துவர் இருவர் அளித்த சான்றின்படி, கணவரால் பிள்ளைப்பேறு இயலாது என்ற குறை உறுதியானதாலும், அக்குறை அவருடையதே என்று கணவர் ஒப்புக்கொண்டதாலும்..."

1972. நம் ஃபாத்திஹாவுக்கு நாலு வருடம் முன்னால். ஒப்புக்கொண்டீர்களாம். காழியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

சாதியா வாசித்து முடித்தாள். எழுந்துபோய் எனக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கையைக் கழுவினேன். அந்தத் தாளைத் தொட்ட கையை மட்டும் அல்ல.

உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கப்போவதில்லை. உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். உங்கள் வழியிலேயே எழுதுகிறேன்.

1978 குளிர்காலம். உங்கள் அம்மா ஸெத்தாத்திலிருந்து வந்து, முள்ளம்பன்றி ஈரலைக் காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார். மூன்று நாள் வாந்தி. நீங்கள் வாசலில் நின்று "கொஞ்சம் கொஞ்சமா முழுங்கு" என்றீர்கள்.

1979. பச்சோந்தியைத் தணலில் போட்டு, என்னைப் போர்வைக்குள் உட்காரவைத்து அந்தப் புகையை ஏற்றினார்கள். அது செத்திருக்கவில்லை. தணலில் அது நகருகிற சத்தம் கேட்டது.

1981. மலைமேல் தர்காவுக்கு அனுப்பினீர்கள். நாற்பது பெண்கள் குளித்த தொட்டியில் நானும் இறங்கினேன். மேலே மயிரும் பஞ்சும் மிதந்தன. அதே தண்ணீரை ஒரு வாய் குடிக்கவும் சொன்னார்கள். குடித்தேன். பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்த நீங்கள், "இந்தத் தடவ பலிக்கும்" என்றீர்கள்.

இந்தத் தடவை பலிக்கும் என்று சொன்னீர்கள், சீ மிலூதி.

உங்களால் முடியாது என்பதில் எனக்கு அருவருப்பு இல்லை. அது அல்லாஹ் கொடுத்தது. 1976இல் சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பேன், ஒருவேளை சரி என்றும் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. உங்களைப் பிடித்திருந்தது. எனக்குக் குமட்டுவது, நான் அந்தத் தண்ணீரைக் குடித்த வாயை நீங்கள் அன்று துடைத்துவிட்டதுதான்.

இனி நடக்க வேண்டியது.

மனுவைக் கொடுங்கள். பன்னிரண்டு சாட்சியும் வேண்டும், காழியின் தீர்ப்பும் வேண்டும். வீட்டுக்குத் திரும்புவதற்காக அல்ல. மனைவி என்று எழுதினால்தான் மனைவி இல்லை என்றும் எழுத முடியும். இப்படியே போய்விட்டால் நான் பதினோரு வருடம் யாரோ ஒரு ஆளோடு இருந்த பெண். உங்கள் மேல் வழக்குப்போடக்கூட எனக்கு உரிமை இல்லை. அந்தத் தீர்ப்பு கிடைத்த மறுநாள், ஃபத்னா எதைக் கேட்டாளோ அதையே, அதே காரணத்தைச் சொல்லி நானும் கேட்பேன். அந்தக் காரணம் என் பெயருள்ள தாளில் எழுதப்பட வேண்டும். அதூல் அதை உரக்க வாசிக்க வேண்டும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, உங்கள் அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். கடிதமாக வேண்டாம், தம்பி வழியாக வேண்டாம். இரண்டு, எதற்காகச் சாட்சி சொல்கிறோம் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, என் முகம் தெரியாத ஆள் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

கையெழுத்துக்கு வருகிறேன். சாதியாவும் கூட வருவாள்.

பத்தூல்


காஸாபிளாங்கா
3 மே 1987, ஞாயிறு

பத்தூல்,

மனு ஏற்கப்பட்டது. நோன்புக்கு முந்திய நாள் நீயும் சாதியாவும் வந்து கையெழுத்திட்ட தாளில் வியாழக்கிழமை மதியம் முத்திரை குத்தினார்கள். எண்ணைத் தாவூதி எனக்கு எழுதிக் கொடுத்தார். அதைத் தனிச் சீட்டில் இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அதை நீயே வைத்துக்கொள்.

அன்று பதிவறையில் நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் பேச முயலவில்லை. பேசியிருந்தால் அங்கேயே உனக்கு மறுபடியும் குமட்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஸெத்தாத் போனேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அம்மா நோன்பு திறக்கும் ஹரீரா சூப்புக்குக் கொண்டைக்கடலை தோல் உரித்துக்கொண்டிருந்தார். நீ கேட்டது போல நானே நேரில், நின்றபடியே சொன்னேன். குறை என்னுடையது, பத்தூலுடையது அல்ல, 1972இலேயே எழுதப்பட்டது என்று.

அவர் கை நிற்கவில்லை.

"இதச் சொல்லவா நோன்போட பஸ் ஏறி வந்த?" என்றார். "எனக்குத் தெரியாதா? ஃபத்னா பொட்டியத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே அவங்கம்மா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போனா."

"தெரிஞ்சுமா பத்தூலுக்கு அந்தக் கருமத்தையெல்லாம் கரைச்சுக் குடுத்த?"

"அவ குடிக்கறத நாலு பேரு பாத்தாத்தானேடா கொறை அவகிட்டன்னு ஊரு நம்பும். இத்தன வருஷத்துல உன்ன ஒருத்தன் ஒரு வார்த்த கேட்டானா? கேக்கலேல்ல? சும்மாவா இருந்துச்சு அது? ஆத்தாக்காரி பாடுபட்டேன்."

இதற்கு ஆதாரம் என் தாய், அவர் வாயாலேயே சொன்னது. தம்பி மனைவியும் அருகில் இருந்தாள். அவள் கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பாங்கு சொன்னதும் அம்மா கிண்ணத்தை நீட்டினார். வாங்கினேன். வாயருகே கொண்டுபோக முடியவில்லை. பேருந்து நிலையத்தில் தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தேன்.

இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். எழுதாமல் விட்டவைதான் நம்மை இங்கே கொண்டுவந்திருக்கின்றன. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் கேட்டதும் இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாவது நிபந்தனை. நேற்று மதியம் பூஅஸ்ஸாவின் கடையில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். முதலில் என் குறையை. பிறகு, சாட்சி எதற்காக என்பதை.

பூஅஸ்ஸா கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தான். "உனக்கு என்னய்யா பித்தா? உன் மானத்த நீயே கூவி விக்கற. அவ உன்ன விட்டுட்டுப் போறதுக்கு நான் வந்து கையத் தூக்கணுமா? நாளைக்கு என் பொண்டாட்டி கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?"

"உன் பொண்டாட்டிக்கு நீ என்ன குடிக்கக் குடுத்த?" என்று லஹ்சென் கேட்டார். பூஅஸ்ஸா துண்டை உதறினான்.

அவனோடு சேர்த்து ஏழு பேர் விலகிவிட்டார்கள். அவர்களில் ஆறு பேருக்கு உன் முகம் தெரியாது என்பதால், எப்படியும் நீ அவர்கள் பெயரை அடித்திருப்பாய். ஒருவன் மட்டும் உன்னைத் தெரிந்தும் போனான். நம் கீழ்வீட்டுக்காரன். படியில் என்னைக் கண்டால் இப்போது அவனும் சுவரைப் பார்க்கிறான்.

உறுதியாக நிற்பவர்கள் ஐவர்: லஹ்சென், உன் மாமா மகன்கள் இருவர், எதிர்வீட்டு ஆசிரியர், காய்கறிக்கடை மெக்கி. ஐவருக்கும் உன்னைத் தெரியும். ஐவரும் காரணம் தெரிந்தே சம்மதித்தார்கள்.

நாளை காலை உன் தொலைபேசி நிலையத்துக்குப் போகிறேன். கம்பி பழுது பார்க்கிற ஆட்களில் எட்டுப் பேர் உன்னோடு பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் என்று காவலாளி சொன்னார். அவர்களிடமும் முதலிலிருந்து முழுதாகச் சொல்வேன். எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது.

காழி முன்னால் சாட்சி விசாரணை: பெருநாளுக்குப் பிறகு, ஜூன் 9, செவ்வாய், காலை பத்து மணி. உன்னை என் மனைவி என்று சொல்ல, பிறகு நீ என்னை விட்டுப் போக, இன்னும் ஏழு பேர் வேண்டும்.

மிலூதி